வி-ஐ, விம் எடிட்டர் சாவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் சர்வர் வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும், கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேபில் முதல்முறை கறுப்புத் திரையைப் பார்க்கிற மாணவர்களுக்கும் விம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வி-ஐ என்பது டெர்மினலில் ஓடும் பழைய எடிட்டர், விம் அதன் வளர்ந்த வடிவம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வாயால் சொல்வது போலவே சாவிகளை எழுதியிருக்கிறேன். ‘டி டி’ என்றால் டி சாவியை இரண்டு தடவை தட்ட வேண்டும். ‘பெரிய ஜி’ என்றால் ஷிஃப்டோடு ஜி. ‘டி’ என்று மட்டும் வந்தால் டெலீட்டின் டி, ‘பி’ என்று மட்டும் வந்தால் பேஸ்ட்டின் பி. அவற்றோடு ஒலி குழம்பும் மற்ற எழுத்துகளை அந்தந்த இடத்தில் பிரித்துச் சொல்கிறேன். கோலன், சாய்கோடு போன்ற குறிகள் அப்படியே இருக்கும்.

உள்ளே வந்துவிட்டேன். எப்படி வெளியே போவது?

முதலில் எஸ்கேப். சந்தேகமாக இருந்தால் இன்னொரு தடவை எஸ்கேப். அதனால் எதுவும் கெடாது. அப்புறம் ‘:க்யூ!’ அடித்து என்டர். செய்த மாற்றம் எதுவும் சேமிக்கப்படாமல் வெளியே வந்துவிடுவீர்கள். சேமித்துவிட்டு வர வேண்டுமானால் ‘:டபிள்யூ க்யூ’, இடைவெளி விடாமல்.

இந்த இடத்தில் தடுமாறுவது நீங்கள் மட்டும் இல்லை. விம்மிலிருந்து எப்படி வெளியேறுவது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்ட கேள்வி, 2017-க்குள்ளேயே பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தது.

‘:எக்ஸ்’ என்றும் ஒன்று உண்டு. ‘:டபிள்யூ க்யூ’ மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபைலைத் திரும்ப எழுதும். ‘:எக்ஸ்’ மாற்றம் இருந்தால் மட்டுமே எழுதும். ஃபைல் மாறிய நேரத்தைப் பார்த்து பில்டு செய்கிற மேக் மாதிரியான கருவிகளோடு வேலை செய்தால் இந்த வித்தியாசம் முக்கியம். சும்மா திறந்து பார்த்த ஃபைலுக்காகப் பாதி ப்ராஜெக்ட் மறுபடி கம்பைல் ஆகாது. கோலனே வேண்டாம் என்றால் ‘பெரிய இசட், பெரிய இசட்’. ‘:எக்ஸ்’ செய்வதையே இதுவும் செய்யும்.

விஎஸ் கோட் இருக்கும்போது இது எதற்கு?

உங்கள் லேப்டாப்பில் தாராளமாக விஎஸ் கோட் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசுவது ராத்திரி ஷிஃப்டில் வாடிக்கையாளர் சர்வர் விழுந்து, இரண்டு ஜம்ப் ஹோஸ்ட் (நடுவில் நிற்கும் சர்வர்) தாண்டி உள்ளே நுழைந்து, ஒரு கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டிய நேரத்தைப் பற்றி. அங்கே புதிதாக எதையும் நிறுவ அனுமதி இருக்காது. ஆனால் வி-ஐ பெரும்பாலும் இருக்கும். யூனிக்ஸ் அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரத்திலேயே அதற்கு இடம் உண்டு. ஆல்பைன் லினக்ஸ் மாதிரி சின்னஞ்சிறு அமைப்பிலும் பிஸிபாக்ஸ் என்ற கருவித் தொகுப்புக்குள் ஒரு சுருக்கமான வி-ஐ உட்கார்ந்திருக்கும். கிட் கமிட், க்ரான்டேப், விசூடோ ஆகிய கட்டளைகளும் பல சர்வர்களில் கேட்காமலே இதைத்தான் திறக்கும். உபுண்டுவில் நானோ திறக்கலாம்.

நான் அடிப்பது ஒன்று, நடப்பது வேறு. ஏன்?

நீங்கள் நார்மல் மோடில் இருக்கிறீர்கள். அங்கே ஒவ்வொரு எழுத்துச் சாவியும் ஒரு கட்டளை. எழுத வேண்டுமானால் இன்சர்ட் மோடுக்குப் போக வேண்டும், எழுதி முடித்ததும் எஸ்கேப் அடித்துத் திரும்ப வேண்டும்.

போவதற்குப் பல வழி. ‘ஐ’ கர்சருக்கு முன்னால், ‘ஏ’ கர்சருக்குப் பின்னால், ‘பெரிய ஏ’ வரியின் கடைசியில், ‘பெரிய ஐ’ வரியின் முதல் எழுத்துக்கு முன்னால். ‘ஓ’ கீழே ஒரு புது வரி திறக்கும், ‘பெரிய ஓ’ மேலே திறக்கும். பலர் ‘ஐ’ ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு, அம்புச் சாவியால் வரியின் கடைசி வரை நகர்ந்து செமிகோலன் போடுகிறார்கள். ‘பெரிய ஏ’, செமிகோலன், எஸ்கேப். அவ்வளவுதான்.

ஒரு பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: யோசிக்கும்போது நார்மல் மோடில் இருங்கள், தட்டச்சு செய்யும்போது மட்டும் இன்சர்ட் மோட். ஒரு வாக்கியம் எழுதி நிறுத்தினால் உடனே எஸ்கேப். நாள் முழுக்க இன்சர்ட் மோடிலேயே இருப்பவர்களுக்குத்தான் விம் எரிச்சலூட்டுகிறது.

அம்புச் சாவி இருக்கும்போது எச், ஜே, கே, எல் எதற்கு?

எச் இடது, ஜே கீழே, கே மேலே, எல் வலது. இதற்குக் காரணம் ஒரு டெர்மினல். 1976-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் வி-ஐ எழுதியபோது அவர் முன்னால் இருந்தது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ. அதில் தனி அம்புச் சாவிகள் கிடையாது. இந்த நாலு எழுத்துச் சாவிகளின் மேல்தான் அம்புக்குறி அச்சிட்டிருந்தார்கள். எஸ்கேப் சாவியும் இன்று டேப் இருக்கிற இடத்தில், சுண்டு விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்றைய கீபோர்டில் அது மூலைக்குப் போய்விட்டதால்தான் பலர் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றால் ‘கண்ட்ரோல் [’ அடிக்கலாம். விம்முக்கு அதுவும் எஸ்கேப்பும் ஒன்றுதான்.

கட்டளைகள் ஏன் இவ்வளவு சுருக்கமாக இருக்கின்றன என்பதற்கும் அந்தக் காலத்து இணைப்புதான் காரணம். 300 பாட் மோடத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துகள்தான் வரும். 24 வரி, 80 எழுத்து கொண்ட ஒரு திரையை முழுதாக வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நிலையில் ஒரு சாவியையும் வீணாக்க மாட்டார்கள்.

வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் மொபைல் ஹாட்ஸ்பாட் வைத்து சர்வருக்குள் போனால் இன்றும் அது புரியும். கீழ் அம்பை அழுத்திப் பிடித்தால் கர்சர் நின்று நின்று, பிறகு தாவித் தாவி, வேண்டிய வரியைக் கடந்து ஓடிவிடும். அதே இணைப்பில் ‘/’ அடித்துத் தேட வேண்டிய சொல்லைக் கொடுத்து என்டர் தட்டினால் நேராக அந்த இடத்தில் போய் நிற்கலாம். ஆகவே எச், ஜே, கே, எல்லோடு நிற்காதீர்கள். ‘டபிள்யூ’ அடுத்த சொல், ‘பி’ முந்தைய சொல் (இது பேக்கின் பி), ‘0’ வரியின் தொடக்கம், ‘$’ வரியின் முடிவு, ‘ஜி ஜி’ ஃபைலின் தொடக்கம், ‘பெரிய ஜி’ முடிவு. எரர் 218-ஆம் வரியில் என்று வந்தால் ‘:218’ என்டர். அடைப்புக்குறியின் மேல் நின்று ‘%’ தட்டினால் அதன் ஜோடிக்குத் தாவும்.

இத்தனை கட்டளையையும் எப்படி மனப்பாடம் செய்வது?

செய்யாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் ஒரு பக்கக் கட்டளைத் தாளை அச்சிட்டு மானிட்டருக்குக் கீழே ஒட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தத் தாள் அவர்களைப் பயமுறுத்துவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. விம்மின் கட்டளைகள் ஒரு பட்டியல் இல்லை. அவற்றுக்கு இலக்கணம் உண்டு. கொஞ்சம் வினைகள், கொஞ்சம் இடங்கள். இரண்டையும் சேர்த்தால் கட்டளை.

வினைகள்: ‘டி’ அழி, ‘சி’ அழித்துவிட்டு எழுத ஆரம்பி, ‘ஒய்’ நகல் எடு, ‘>’ உள்ளே தள்ளு. இடங்கள் எல்லாம் மேலே பார்த்த நகர்வுகளே. ‘டி டபிள்யூ’ என்றால் அடுத்த சொல் வரை அழி. ‘டி $’ வரி முடிவு வரை அழி. ‘ஒய் பெரிய ஜி’ இங்கிருந்து ஃபைலின் கடைசி வரை நகல் எடு. ‘டி /எரர்’ என்டர் என்றால் அடுத்த ‘எரர்’ வரும் இடம் வரை அழி. வினையையே இரண்டு முறை அடித்தால் முழு வரி: ‘டி டி’, ‘ஒய் ஒய்’, ‘சி சி’. முன்னால் எண் போட்டால் அத்தனை தடவை: ‘5 டி டி’ ஐந்து வரியை அழிக்கும். புதிதாக ஒரு வினை கற்றால் உங்களுக்குத் தெரிந்த இடங்கள் எல்லாவற்றோடும் அது உடனே வேலை செய்யும். அதனால் நாலு வினையும் பத்து இடமும் தெரிந்தவர் கையில் நாற்பது கட்டளை இருக்கிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன இடறல் உண்டு. நாம் ‘இந்தச் சொல்லை அழி’ என்போம். பொருள் முதலில், வினை கடைசியில். விம் வினையை முதலில் கேட்கிறது. ஆரம்பத்தில் அது கைக்கு வராவிட்டால் விஷுவல் மோடில் தொடங்குங்கள். ‘வி’ அடித்து, நகர்ந்து, வேண்டியதைக் குறித்துக்கொண்டு, கடைசியில் ‘டி’ தட்டுங்கள். நம் வாக்கிய வரிசையே வந்துவிடும். ககூனே, ஹீலிக்ஸ் என்ற புதிய எடிட்டர்கள் இந்த வரிசையையே அடிப்படையாக வைத்து எழுதப்பட்டவை. ஆனாலும் விம்மில் வினையை முதலில் சொல்லப் பழகுவதுதான் நல்லது. காரணம் அடுத்த பதிலில்.

மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் மாற்றுவது எப்படி?

‘சி ஐ "’ என்று தட்டுங்கள். இங்கே ‘ஐ’ என்பது உள்ளே என்று பொருள்படும். குறிகளுக்கு நடுவில் இருப்பது அழிந்து, எழுதத் தயாராக நிற்பீர்கள். அதே மாதிரி ‘டி ஐ (’ அடைப்புக்குள் இருப்பதை அழிக்கும், ‘சி ஐ டபிள்யூ’ கர்சர் ஒரு சொல்லின் நடுவில் நின்றாலும் முழுச் சொல்லையும் மாற்றும். ‘ஐ’ இடத்தில் ‘ஏ’ போட்டால் சுற்றியிருக்கும் குறியையும் சேர்த்து எடுக்கும். இவை விம்மின் சேர்ப்பு. பழைய வி-ஐயில் கிடையாது.

இப்போது ஒரு நிஜ வேலை. ஒரு கான்ஃபிக் ஃபைலில் பல இடங்களில் இப்படி ஒரு வரி இருக்கிறது: டிபி_ஹோஸ்ட் = "10.0.4.12". சிலவற்றைப் புது முகவரிக்கு மாற்ற வேண்டும், சிலவற்றைத் தொடக்கூடாது. ‘/டிபி_ஹோஸ்ட்’ என்று தேடுங்கள். கர்சர் வரியின் தொடக்கத்தில் நிற்கும். பரவாயில்லை, ‘சி ஐ "’ அதே வரியில் முன்னால் இருக்கும் மேற்கோளைத் தானே கண்டுபிடிக்கும். புது முகவரியை எழுதி எஸ்கேப். இப்போது ‘என்’ தட்டினால் அடுத்த இடத்துக்குப் போகும். அதை மாற்ற வேண்டுமா? ஒரு புள்ளி, ‘.’ சாவி. முழு மாற்றமும் அங்கே மறுபடி நடக்கும். வேண்டாமா? மறுபடி ‘என்’. என், புள்ளி, என், என், புள்ளி. ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்து முடிவெடுத்துக்கொண்டே போகலாம். ப்ரொடக்ஷன் சர்வரில் இந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

புள்ளிச் சாவி கடைசி மாற்றத்தைத் திரும்பச் செய்கிறது. வினையை முதலில் சொல்லி ‘சி ஐ "’ என்று செய்த மாற்றம் ‘மேற்கோளுக்குள் இருப்பதை மாற்று’ என்றே நினைவில் இருக்கும், உள்ளே எத்தனை எழுத்து இருந்தாலும் பொருந்தும். விஷுவல் மோடில் குறித்துச் செய்ததைப் புள்ளியால் திரும்பச் செய்தால், முன்பு குறித்த அதே அளவு எழுத்தைத்தான் எடுக்கும்.

கண்ட்ரோல்-எஸ் அடித்தேன், எல்லாம் உறைந்துவிட்டது.

விண்டோஸ் பழக்கத்தில் சேவ் செய்யக் கை அங்கே போகும். டெர்மினலுக்கு அது ‘வெளியீட்டை நிறுத்து’ என்ற பழைய சைகை. ‘கண்ட்ரோல்-க்யூ’ அடியுங்கள், விட்ட இடத்திலிருந்து வரும். புட்டி (சர்வரோடு இணைக்கும் மென்பொருள்) ஜன்னலை மூடிவிடாதீர்கள். இடையில் நீங்கள் கண்மண் தெரியாமல் தட்டியவை எல்லாம் உள்ளே போயிருக்கும், அதனால் உயிர் வந்ததும் எஸ்கேப் அடித்து, ‘யூ’ தட்டி அவற்றைத் திருப்புங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ‘எஸ்டிடிஒய் -இக்ஸான்’ என்ற கட்டளையைச் சேர்த்துவிடலாம். முதல் பகுதி எஸ், இரண்டு தடவை டேப்பின் டி, ஒய்; பின்பகுதி ஐ, எக்ஸ், ஓ, என் என்று நாலு எழுத்து.

இதே வகைத் திடுக்கிடல்கள் இன்னும் சில. திரை மறைந்து ஷெல் வந்துவிட்டதா? கண்ட்ரோல்-இசட் பட்டிருக்கும். விம் பின்னால் தூங்குகிறது, ‘எஃப்ஜி’ என்று அடித்தால் எழும். வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவா? கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறது. கீழே போக நினைத்து அடித்த ஜே, பெரிய ஜே ஆகி வரிகளை இணைக்கிறது. கீழே ‘ரெக்கார்டிங்’ என்று வருகிறதா? க்யூவும் இன்னொரு எழுத்தும் தட்டியதால் மேக்ரோ (திரும்ப ஓட்டக்கூடிய சாவித் தொடர்) பதிவாகிறது. மறுபடி ‘க்யூ’ தட்டினால் நிற்கும்.

செய்ததைத் திரும்பப் பெறுவது?

‘யூ’ ஒவ்வொன்றாகப் பின்னால் போகும், ‘கண்ட்ரோல்-ஆர்’ முன்னால் வரும். பழைய வி-ஐயில் ஒரு படி மட்டுமே. இரண்டாவது தடவை ‘யூ’ தட்டினால் முதல் ‘யூ’வையே ரத்து செய்யும். விம்மில் நேரத்தைச் சொல்லியும் திரும்பலாம்: ‘:எர்லியர் 10எம்’ என்றால் பத்து நிமிடத்துக்கு முன் ஃபைல் இருந்த நிலை.

நகல் எடுத்தேன், ஒரு வரியை அழித்தேன், ஒட்டினால் அழித்த வரி வருகிறது.

ஏனென்றால் விம்மில் அழிப்பது என்பது வெட்டி எடுப்பது. ‘டி டி’ செய்தால் அந்த வரி, நீங்கள் ஏற்கெனவே ‘ஒய் ஒய்’ செய்து வைத்ததன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நகல் எடுத்தது போய்விடவில்லை. கடைசியாக ‘ஒய்’ செய்தது எப்போதும் பூஜ்ஜிய ரெஜிஸ்டரில் (ரெஜிஸ்டர் என்பது விம் நகல்களை வைக்கும் பெட்டி) தனியாக இருக்கும். ‘" 0 பி’ என்று தட்டினால் அது வரும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு பலருக்கு விம்மின் மேல் இருந்த பாதிக் கோபம் போய்விடுகிறது.

நீங்களே பெயர் வைத்தும் சேமிக்கலாம். ‘" ஏ ஒய் ஒய்’ இந்த வரியை ஏ என்ற ரெஜிஸ்டரில் வைக்கும், ‘" ஏ பி’ அங்கிருந்து ஒட்டும். ‘:ரெக்’ (ரெஜிஸ்டரின் முதல் மூன்று எழுத்து, கடைசியில் ஜி) என்று அடித்தால் எதில் என்ன இருக்கிறது என்று முழுதாகப் பார்க்கலாம்.

பிரவுசரிலிருந்து எடுத்து ஒட்டும்போது வரிகள் படிக்கட்டு மாதிரி வலதுபக்கம் இறங்கிக்கொண்டே போகிறதா? தானாக உள்தள்ளும் வசதி, ஒட்டப்படுவதை நீங்கள் தட்டச்சு செய்வதாக நினைத்து ஒவ்வொரு வரிக்கும் இடைவெளி சேர்க்கிறது. ‘:செட் பேஸ்ட்’ கொடுத்துவிட்டு, இன்சர்ட் மோடுக்குப் போய் ஒட்டி, முடிந்ததும் ‘:செட் நோபேஸ்ட்’. யாமல், பைத்தான் ஃபைல்களில் இதைக் கவனிக்காமல் விட்டால் வேலையே கெடும்.

தேடி மாற்றுவது?

‘:%எஸ்/பழையது/புதியது/ஜி’. சதவீதக் குறி முழு ஃபைலையும், கடைசி ‘ஜி’ வரியில் எத்தனை தடவை வந்தாலும் எல்லாவற்றையும் குறிக்கும். கடைசியில் ‘சி’யும் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்கும். மாற்ற வேண்டியதில் சாய்கோடு நிறைய இருந்தால், ஃபைல் பாதைகளில் இருக்குமே, பிரிக்கும் குறியையே மாற்றிக்கொள்ளலாம்: ‘:%எஸ்#பழையது#புதியது#ஜி’.

இதைவிட எனக்கு அதிகம் பயன்படுவது ‘:ஜி’. பெரிய லாக் ஃபைலில் ‘:ஜி/டீபக்/டி’ என்றால் டீபக் என்ற சொல் வரும் வரிகள் எல்லாம் அழியும். ‘:வி/எரர்/டி’ என்றால் எரர் இல்லாத வரிகள் எல்லாம் அழிந்து எரர் மட்டும் மிஞ்சும். அசல் லாகில் செய்யாமல் ஒரு நகலில் செய்யுங்கள். கென் தாம்சன் 1969-ல் எழுதிய ‘எட்’ என்ற வரி எடிட்டரில் தொடங்கிய வழி இது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே எழுத்துகள்.

ஃபைலைத் திறந்தால் ‘இ325: அட்டென்ஷன்’ என்று நீளமாக ஏதோ வருகிறது.

என்டர் தட்டித் தாண்டிவிடாமல் படியுங்கள். விம் நீங்கள் எழுதுவதை ஒரு ஸ்வாப் ஃபைலில் உடனுக்குடன் வைத்துக்கொண்டே இருக்கும். 200 எழுத்து தட்டியதும், அல்லது நாலு விநாடி சும்மா இருந்ததும், அது டிஸ்க்குக்குப் போகும். ஒழுங்காக வெளியே வந்தால் ஸ்வாப் அழிக்கப்படும். இணைப்பு நடுவில் அறுந்தால் அது அங்கேயே கிடக்கும்.

டிசம்பர் மாதம் சென்னையில் வேலை செய்கிறவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வீசியபோது நகரத்தில் மின்சாரமும் இணையமும் போயின. அந்த மாதிரி நேரத்தில் உங்கள் பக்கம்தான் இருட்டு. எங்கோ இருக்கும் சர்வரில் உங்கள் ஸ்வாப் ஃபைல் பத்திரமாக இருக்கும்.

அந்தச் செய்தியில் ப்ராசஸ் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஸ்டில் ரன்னிங்’ என்று இருந்தால், அந்த ஃபைலை இப்போதே யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள், அல்லது உங்கள் பழைய இணைப்பு இன்னும் சாகவில்லை. ‘க்யூ’ அடித்து வெளியே வந்து யார் என்று பாருங்கள். ‘பரவாயில்லை, திருத்து’ என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் இருவரில் ஒருவர் எழுதியது போய்விடும். ‘ஸ்டில் ரன்னிங்’ இல்லையென்றால் ‘ஆர்’ கொடுத்து மீட்டெடுங்கள். மீட்டதை வேறு பெயரில் சேமித்து, டிஃப் போட்டு அசலோடு ஒப்பிட்டு, திருப்தியானதும் ஸ்வாப் ஃபைலை நீங்களே அழியுங்கள். மீட்டெடுத்ததால் மட்டும் அது போகாது. அடுத்த முறையும் அதே எச்சரிக்கை வரும். இணைப்பு அடிக்கடி அறுகிற இடமானால் டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை ஓடவிடும் கருவி) விம்மைத் திறப்பது நல்ல பழக்கம்.

எல்லாம் எழுதிய பிறகு ‘ரீட்ஒன்லி’ என்கிறது. சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போடாமல் திறந்துவிட்டேன்.

வெளியே வர வேண்டாம். ‘:டபிள்யூ !சூடோ டீ %’ என்று அடியுங்கள். ‘டீ’ என்பது டேப்பின் டி, இ, இ என்ற மூன்றெழுத்து யூனிக்ஸ் கருவி. ‘%’ இங்கே இந்த ஃபைலின் பெயர். நியோவிம்மில் இது பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் சரியாக வேலை செய்யாது. அங்கே ஸ்லாஷ் டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் சேமித்து, வெளியே வந்து நகர்த்துங்கள்.

விண்டோஸில் எழுதிய ஸ்க்ரிப்ட் சர்வரில் ‘பேட் இன்டர்ப்ரிட்டர்’ என்கிறது.

வரி முடிவுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக இருக்கிறது. திறக்கும்போது கீழே ‘டாஸ்’ என்று காட்டும். ‘:செட் எஃப்எஃப்=யூனிக்ஸ்’ கொடுத்துச் சேமித்தால் சரியாகிவிடும்.

பத்து வரியை ஒரே நேரத்தில் கமென்ட் செய்வது?

கண்ட்ரோல்-வி அடித்து ஜே தட்டிக் கீழே இறங்கினால் நெடுக்காக ஒரு பட்டை குறிக்கப்படும். ‘பெரிய ஐ’, அப்புறம் ‘#’, எஸ்கேப். முதல் வரியில் மட்டும் தெரிந்து, எஸ்கேப் அடித்ததும் எல்லா வரியிலும் வரும். விண்டோஸ் டெர்மினலில் கண்ட்ரோல்-வி ஒட்டுவதற்குப் போய்விட்டால் கண்ட்ரோல்-க்யூ பயன்படுத்துங்கள்.

விம்மில் தமிழ் எழுத முடியுமா?

முடியும். நான் இந்தப் பதில்களை எழுதுவதும் அதில்தான். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கீபோர்டைத் தமிழ்99-க்கு மாற்றிவிட்டு எஸ்கேப் அடித்து நார்மல் மோடுக்கு வந்தால், எச், ஜே, கே, எல் சாவிகளிலிருந்து க, ப, ம, த தான் வரும். விம்முக்கு அவை கட்டளை இல்லை, அதனால் எதுவும் நகராது. சென்னையில் 1999-ல் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரமாக்கப்பட்ட நல்ல விசைப்பலகை அது. இங்கே மட்டும் இடிக்கிறது.

தீர்வு, இயங்குதளத்தின் கீபோர்டை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு விம்மின் கீமேப் வசதியைப் பயன்படுத்துவது. அது இன்சர்ட் மோடில் மட்டும் எழுத்தை மாற்றும்; எஸ்கேப் அடித்ததும் சாவிகள் பழையபடி கட்டளையாகிவிடும். இன்சர்ட் மோடில் ‘கண்ட்ரோல் ^’ அடித்துத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம். விம்மோடு வருகிற தமிழ் கீமேப் பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது. யூனிகோடுக்கு ஒரு சின்னக் கோப்பு நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்: ஒரு வரியில் ஒரு சாவி, அதற்கு எதிரே ஒரு எழுத்து.

நார்மல் மோடில் ‘எக்ஸ்’ (கர்சர் நிற்கும் எழுத்தை அழிக்கும் சாவி) அடித்தால் ‘கி’ முழுதாக அழியும். உயிர்மெய்யின் குறியை மட்டும் தனியே அழிக்க வேண்டுமானால் ‘:செட் டெல்கம்பைன்’. எழுத்து ஏதோ தவறாகத் தெரிந்தால் அதன் மேல் நின்று ‘ஜி ஏ’ தட்டுங்கள். ‘கி’ மேல் தட்டினால் 2965, 3007 என்று இரண்டு எண் வரும். முதலாவது க, இரண்டாவது இகரக் குறி. ஒரே மாதிரி தெரிகிற இரண்டு சொற்கள் தேடலில் பொருந்தவில்லை என்றால் காரணத்தை இங்கேதான் கண்டுபிடிக்கலாம். டெர்மினலில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறித் தெரிந்தால் அது டெர்மினலின் குறை. ஃபைல் சரியாகத்தான் இருக்கும்.

வி-ஐ, விம், நியோவிம், எதைக் கற்பது?

விம். ப்ராம் மோலனார் 1991-ல் அமிகா கணினிக்காக வெளியிட்டது, அவர் 2023 ஆகஸ்டில் மறையும் வரை கவனித்துக்கொண்டது. உகாண்டாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவும்படி அவர் வைத்த வேண்டுகோள் விம்மைத் திறந்தவுடன் இன்றும் முகப்பில் தெரியும். நியோவிம் 2014-ல் பிரிந்து வளர்ந்தது. அடிப்படைச் சாவிகள் ஒன்றே. வெறும் வி-ஐ உள்ள இடத்தில் சிக்கினாலும் வினையும் நகர்வும் கைகொடுக்கும்.

எதில் தொடங்குவது?

ஷெல்லில் ‘விம்டியூட்டர்’ என்று அடியுங்கள். விம்மோடு வரும் பாடம், அரை மணி நேரத்தில் முடியும். படிப்பதைவிட அதில் சொன்னதைத் தட்டிப் பார்ப்பதுதான் முக்கியம். அப்புறம் ஒரு வாரம் கிட் கமிட் செய்தியை மட்டும் இதில் எழுதுங்கள். இன்னொருவருடைய நீண்ட விம்ஆர்சி கோப்பை (விம்மின் அமைப்புகள் இருக்கும் கோப்பு) இறக்கிக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் புரிகிற வரியை மட்டும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். அடுத்த சர்வரில் அந்தக் கோப்பு இருக்காது.

பிரவுசருக்குள் திறக்கும் டெர்மினலில் கண்ட்ரோல்-டபிள்யூ அடித்தால் டேப்பே மூடிக்கொள்கிறது.

ஆம், பிரவுசர் அதை விம்முக்கு விடாது. இன்சர்ட் மோடில் ஒரு சொல்லை அழிக்கவும், பிரித்த ஜன்னல்களுக்கு இடையே தாவவும் அந்தச் சாவிதான் என்பதால் கை தானாகப் போகும். பிரவுசரில் இருக்கும்போது ஜன்னல் தாவ ‘:வின்சிஎம்டி டபிள்யூ’ என்று முழுதாக அடிக்கலாம். சொல்லை அழிக்க எஸ்கேப் அடித்து ‘டி பி’, பேக்கின் பி. டேப் மூடிவிட்டாலும் பதற வேண்டாம். மறுபடி உள்ளே போய் அதே ஃபைலைத் திறங்கள், இ325 வரும், ‘ஆர்’ கொடுங்கள்.